மருத்துவ வாரியத்தில் அமர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு

தமிழ்நாட்டின் மகப்பேறு மருத்துவர்களுக்கும், ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களுக்கும், கருக்கலைப்பு குறித்துக் கருத்துச் சொல்லும் மருத்துவ வாரியங்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிழைக்காது என்று தெரிந்துவிட்ட குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு உங்கள் அறை வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் நானும் ஒருத்தி. என் குழந்தைக்கு மண்டை ஓட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவே இல்லை. அனென்செபாலி என்று எழுதிக் கொடுத்தார்கள். கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக்குழாய் தலைப்பக்கம் மூடாமல் போவதால் வருவது அது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் யோசிக்கத் தொடங்கும்போதே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இந்தக் குழந்தைகளில் பலர் வயிற்றிலேயே இறந்துவிடுகிறார்கள். உயிரோடு பிறப்பவர்களும் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் இருப்பார்கள். இதற்கு வைத்தியம் கிடையாது என்று சொன்னதற்காக உங்கள் யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவற்றின்மீதுதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் கருவியை வயிற்றின்மேல் ஒரே இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார் அந்த மருத்துவர். "என்ன டாக்டர்?" என்று கேட்டேன். "உங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்றார். ஜெல்லைத் துடைக்க ஒரு காகிதத் துண்டை நீட்டிவிட்டு, என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் உடம்பில் நடப்பதை நான் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்கேன் அறையில் வாயைத் திறக்கவே உங்களுக்குப் பயம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 1994-ஆம் ஆண்டின் சட்டம் தடுப்பது குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான். குழந்தைக்கு என்ன குறை என்று பெற்றவளிடம் சொல்வதை அது தடுக்கவில்லை. மண்டை ஓடு இல்லாததை மூன்றாம் மாத ஸ்கேனிலேயே பார்த்துவிட முடியும் என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். அந்த ஸ்கேனை எழுதித் தராமல் விடாதீர்கள்.

அடுத்துப் பார்த்த இடத்தில் "நாள் கடந்துகொண்டிருக்கிறது, 24 வாரம் தாண்டிவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்" என்றார்கள். அது சரியல்ல என்று இந்த மடலைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் வார வரம்பே பொருந்தாது என்கிறது அது. விண்ணப்பம் வந்த மூன்று நாளில் வாரியம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், ஐந்து நாளுக்குள் உரிய ஆலோசனையோடு சிகிச்சை நடக்க வேண்டும் என்று அடுத்த மாதமே விதியும் வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் படியேறிக்கொண்டிருக்கின்றன. 2022 டிசம்பரில் டெல்லியில் ஒரு பெண் 33 வாரக் கர்ப்பத்தோடு நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. இப்படிப்பட்ட முடிவில் தாயின் விருப்பமே இறுதியானது என்று அங்கே சொல்லப்பட்டது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மருத்துவர்கள்.

கணவரின் கையெழுத்து, மாமியாரின் சம்மதம் என்று என்னிடம் கேட்டார்கள். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்பதுதான் சட்டம்.

நாட்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அந்த நாட்களில் குழந்தை அசைகிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் "எத்தனை மாதம்மா?" என்று கேட்கிறாள். வளைகாப்புக்கு நாள் பார்க்கலாமா என்று ஊரிலிருந்து அத்தை போன் செய்கிறார். கிரகணத்தன்று வெளியே போனாயா என்று இன்னொருவர் விசாரிக்கிறார். உங்கள் கோப்பில் அது வெறும் காத்திருப்பு. எங்களுக்கு அப்படி இல்லை.

நான் கர்ப்பத்தை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தேன். எங்கள் உறவில் ஒருத்தி, இதே நிலையில், பத்து மாதமும் சுமந்து பெற்றாள். அவளையும் நிம்மதியாக விடவில்லை. "வீணாக ஏன் சுமக்கிறாய்?" என்று பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கேட்டார்கள். பிறந்த பிறகு, மூச்சு இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்கூடப் பிள்ளையை அவள் கையில் கொடுக்கவில்லை. என்னைக் கலைக்கச் சொன்னவர்களும், அவளைச் சுமக்க வேண்டாம் என்றவர்களும், எங்களிடம் ஒரு முறையாவது "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருக்கலாம். இரண்டு வழியையும் விளக்கிச் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தாலும் கூடவே இருப்போம் என்று சொல்லுங்கள். ஒருவேளை நாங்கள் முடிவெடுக்க ஓர் இரவு கேட்டால், அதைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் ஊறும் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. அம்மா மல்லிகைப்பூவை வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். பூ வாடவாட மாற்றிக்கொண்டே இருந்தார். பால் வற்றுவதற்கு மாத்திரை உண்டு என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

குழந்தையின் உடலைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிப்படி, வெளியே பிழைக்கும் பருவத்தை எட்டாத கரு மருத்துவமனைக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போகிறது. விதியில் அப்படி இருப்பதை நான் மறுக்கவில்லை. போவதற்கு முன்னால் ஒரு முறை எங்களிடம் கேளுங்கள். பார்க்க வேண்டுமா, ஒரு துணியில் சுற்றித் தரட்டுமா, நீங்களே அடக்கம் செய்துகொள்கிறீர்களா என்று கேளுங்கள். பார்க்க விரும்பாத தாயும் இருப்பாள், அதுவும் அவள் விருப்பம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த குழந்தை பற்றியும் அப்போதே சொல்ல வேண்டும். ஒரு முறை இப்படி நேர்ந்தவள், அடுத்த கரு உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலத்தை வழக்கமான அளவைப்போலப் பத்து மடங்கு எடுக்க வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். இதை நான் தெரிந்துகொண்டது பக்கத்துப் படுக்கைக்காரியின் அக்காவிடமிருந்து. அவர் நர்ஸ் என்பதால் எனக்கு அந்த நல்வாய்ப்பு.

ஸ்கேன் மையம் ஒவ்வொன்றிலும், கருவின் பாலினத்தை இங்கே தெரிவிப்பதில்லை என்ற பலகை சட்டப்படி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். குழந்தைக்குக் கடுமையான குறை என்று தெரிந்தால் எந்த மருத்துவமனையில் உள்ள வாரியத்திடம் போக வேண்டும், யாரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வர வேண்டும், தொலைபேசி எண் என்ன என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.