அலபாமாவில் ஒருத்தி, உள்ளூர்க் காலேஜில் ஒருத்தன்

பிளேனோ, டெக்ஸாஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் நலமும் மாமா, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

போன வாரம் போனில் மாமா கேட்டாரே, "இத்தனை வருஷமா அமெரிக்காவில இருக்கே, பெரியவளை அலபாமாவுக்கு அனுப்பியிருக்கே, சின்னவனை வீட்டுப் பக்கத்துக் காலேஜ்ல சேர்த்திருக்கே, ஏதாவது பணக் கஷ்டமா?" என்று. நான் ஆபீஸில் இருந்ததால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. கஷ்டமும் இல்லை, கடனும் இல்லை. கடன் வந்துவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடே. உன் மகன் வேறு இங்கே வர ஆசைப்படுகிறான் என்றாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மாமாவுக்கும் படித்துக் காட்டு.

இங்கே கல்லூரிகள் வெளியில் போட்டிருக்கும் கட்டணம், நம் ஊர் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு மாதிரி. தனியார் கல்லூரிகளில் அதை அப்படியே கட்டுகிறவர்கள் குறைவு. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு தொகை கட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு என்பது சேரும் நேரத்தில்தான் உறுதியாகத் தெரியும். ஆனால் தோராயமாக முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்தாக வேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசின் விதி. வீட்டு வருமானம், சேமிப்பு, சில இடங்களில் பிள்ளையின் மார்க் எல்லாம் போட்டால் நம் தலையில் விழும் தொகை ஏறக்குறைய வந்துவிடும். பெரியவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோதே நானும் என் மனைவியும் உட்கார்ந்து இதைத்தான் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். உதவி இரண்டு வகை. ஒன்று வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, இன்னொன்று படிப்பைப் பார்த்துக் கொடுப்பது. மாமா அடிக்கடி சொல்லும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உட்பட ஐவி லீக் என்னும் பழைய, பேர்பெற்ற தனியார் கல்லூரிகள் எட்டும் முதல் வகையை மட்டும்தான் தரும். அங்கே மார்க்குக்காக ஒரு டாலர் கூடக் கிடையாது. சேருகிற எல்லோரும் முதல் மார்க்தான் என்பது அவர்கள் கணக்கு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரிகள் ஏறக்குறைய இலவசம், பணக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்ற வீடுதான் நடுவில் மாட்டிக்கொள்ளும். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் போகிறது. இது போதாதென்று, முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் மத்திய அரசின் உதவிக் கணக்கில் பெற்றோர் தரவேண்டிய பங்கைப் பிரித்துக் குறைப்பார்கள். 2024-25 முதல் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். இரட்டைச் செலவு வரும் வீட்டுக்கு ஒற்றைச் செலவு வரும் வீட்டின் கணக்கே போதும் என்று எவனோ முடிவு பண்ணியிருக்கிறான்!

ஆகவே பெயரை ஓரமாக வைத்துவிட்டு, மார்க்குக்குப் பணம் தரும் இடங்களைத் தேடினோம். யூனிவர்சிட்டி ஆஃப் அலபாமா அதில் பேர்போனது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு, பள்ளி மார்க் இவ்வளவு, எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் இவ்வளவு இருந்தால் உதவித்தொகை இவ்வளவு என்று அட்டவணையாகவே போட்டுவிடுகிறார்கள். தனிக் கட்டுரையும் வேண்டாம், நேர்காணலும் வேண்டாம். அட்டவணையில் தன் வரிசையைக் கண்டுபிடித்ததும் பெரியவள் எஸ்ஏடியை இன்னொரு முறை எழுதி அடுத்த கட்டத்துக்கு ஏறிக்கொண்டாள். பெரிய மதிப்பெண் வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனால் நான்கு வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம். உங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத ஊர் என்பது உண்மைதான். டஸ்கலூஸா என்று பெயர். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். ஆனால் பெண் நன்றாகப் படிக்கிறாள், ஆனர்ஸ் பிரிவில் இருக்கிறாள்.

உதவித்தொகைக் கடிதம் வந்தவுடன் துள்ளிக் குதிக்கக் கூடாது, அக்கா. ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து அழகான உறையில் ஒரு கடிதம் வந்தது. மொத்தத் தொகையைப் பார்த்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வரிவரியாகப் படித்தால், அந்தக் கூட்டுத்தொகைக்குள் 5,500 டாலர் பெண் பெயரில் கடன், அதற்குக் கீழே எங்கள் பெயரில் வாங்கச் சொல்லி இன்னும் பெரிய கடன். நாம் திருப்பிக் கட்டப் போகும் பணத்தை அவர்கள் தரும் உதவி என்று கூட்டிக் காட்டுகிறார்கள். அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் கடனை அடித்துவிட்டு மீதியைத்தான் எக்ஸெல்லில் ஏற்றினோம். கூடவே இரண்டு நெடுவரிசை: இந்தத் தொகை நான்கு வருஷமும் வருமா, அதற்கு ஜிபிஏ, அதாவது சராசரி மார்க், எவ்வளவு இருக்க வேண்டும். முதல் வருஷம் மட்டும் கொடுத்து ஆளை இழுக்கும் இடங்களும் இருக்கின்றன.

சின்னவன் கதை வேறு. அவன் மார்க் மோசமில்லை, ஆனால் அந்த அட்டவணைகளின் மேல் வரிசைக்கு ஏறாது. என்ன படிப்பது என்பதிலும் போன வருஷம் வரை குழப்பம். அவனுக்கு நாங்கள் பார்த்தது கம்யூனிட்டி காலேஜ், முதல் இரண்டு வருஷப் பாடங்களை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி. இரண்டு வருஷம் அங்கே படித்து, முடித்த பாடங்களுக்குத் தரும் கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு மூன்றாம் வருஷத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. அதே மாவட்டத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, வீட்டிலிருந்து போய்வருவதால் விடுதிச் செலவும் இல்லை. கடைசியில் கையில் வாங்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். இதை மாமாவிடம் அழுத்திச் சொல்.

ஆனால் இந்த வழியில் பள்ளம் நிறைய. மாறும்போது பழைய கிரெடிட்டுகளைப் புது இடம் ஏற்காமல் போனால் அதே பாடத்தை மறுபடியும் காசு கட்டிப் படிக்க வேண்டும். மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017-இல் ஒரு அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்தார்கள் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். லாபத்துக்காக நடத்தும் தனியார் கல்லூரிகளில் சேர்ந்துவிட்டு மாறியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

டெக்ஸாஸில் இதற்கு ஓரளவு காப்பு உண்டு. அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 42 கிரெடிட் அடிப்படைப் பாடத்தொகுதி ஒன்று இருக்கிறது. அதை முழுதாக முடித்துவிட்டால் வேறெந்த அரசுப் பல்கலைக்கழகமும் அப்படியே ஏற்றாக வேண்டும், சட்டம். பாட எண்களும் பொது. கால்குலஸுக்கு மேத் 2413 என்று எண். முதல் இலக்கம் எந்த வருஷத்துப் பாடம், இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதைச் சொல்லும். சின்னவன் இன்ஜினியரிங் என்று முடிவெடுத்த அன்று, ஃபிஸிக்ஸ் 1401 எடுக்கட்டுமா, சுலபமாக இருக்குமாம் என்றான். அது கால்குலஸ் இல்லாத இயற்பியல். கிரெடிட்டை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் இன்ஜினியரிங் பட்டத்துக்கு அது கணக்கில் சேராது, சும்மா விருப்பப் பாடமாகக் கிடக்கும். அவனுக்கு வேண்டியது 2425. மாறப் போகும் பல்கலைக்கழகத்தின் பட்டத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு செமஸ்டரும் பாடம் தேர்ந்தெடுக்கிறான். கண்டபடி கிரெடிட் சேர்த்தாலும் ஆபத்து. பட்டத்துக்கு வேண்டியதைவிட 30-க்கு மேல் தாண்டினால், அதிகப்படியானவற்றுக்கு வெளிமாநிலத்தார் கட்டும் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்று இங்கே விதி இருக்கிறது. எவ்வளவு கொண்டுபோனாலும் கால் பங்காவது பட்டம் தரும் இடத்திலேயே படித்தாக வேண்டும்.

அப்படியென்றால் பெரியவளையும் இப்படியே படிக்க வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். இங்கேதான் சூட்சுமம். பெரிய உதவித்தொகைகள் எல்லாம் பள்ளி முடித்து நேராகச் சேருகிறவர்களுக்கு. பள்ளி முடித்தபின் ஒரு கல்லூரியில் சேர்ந்து படித்துவிட்டால் நீ 'டிரான்ஸ்ஃபர்' மாணவன், உனக்கு இருப்பது வேறு ஒரு சின்னப் பெட்டி. கம்யூனிட்டி காலேஜில் நல்ல மார்க் எடுத்து ஃபை தீட்டா கப்பா என்ற சங்கத்தில் சேர்ந்தால் பல பல்கலைக்கழகங்கள் ஏதோ தருகின்றன, ஆனால் பள்ளி முடித்து நேராகச் சேருகிறவர்களுக்குத் தரும் தொகைக்குப் பக்கத்தில் வராது. அதனால் பெரியவள் பள்ளியில் இருக்கும்போதே டூயல் கிரெடிட் என்று கல்லூரிப் பாடங்களைச் சேர்த்துப் படித்தாள், பள்ளியிலேயே எழுதிக் கல்லூரி கிரெடிட் வாங்கும் ஏபி தேர்வும் எழுதினாள். பள்ளிக்காலத்தில் சேர்த்த கிரெடிட் என்பதால் அவள் முதல் வருஷ மாணவிதான். உதவித்தொகையும் கிடைத்தது, கிரெடிட்டும் கைக்கு வந்தது. இப்போதைய நிலவரப்படி ஒரு செமஸ்டர் முன்னதாகவே முடித்துவிடுவாள்.

இனி உன் மகன் விஷயம். வெளிநாட்டு மாணவனுக்கு மத்திய அரசின் உதவி எதுவும் கிடையாது. ஆனால் டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழி இருக்கிறது. போட்டி அடிப்படையில் அந்தப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்துவிட்டால், வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் உள்ளூர்க் கட்டணமே வாங்க அனுமதி உண்டு. மொத்த மாணவர்களில் 5 சதவீதம் பேருக்கு மட்டும்தான், அதனால் சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 1,000 டாலரைவிடக் கட்டணத்தில் குறையும் தொகைதான் பெரிது.

நம் ஊரில் ஒரு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டு வருவதானால் முன்பே சொல்லிவிடு. கல்லூரி முத்திரையோடு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸும் வேண்டும், மார்க் ஷீட் மட்டும் போதாது. அதை வைத்துத்தான் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தரலாம் என்று இங்குள்ள பல்கலைக்கழகம் பார்க்கும். வந்தபிறகு இங்கிருந்து அந்த முத்திரைக்கு அலைவதை நினைத்துப் பார். பன்னிரண்டு முடித்து நேராக வருவதானால் எனக்கு அவன் பத்தாவது, பதினொன்றாவது மார்க் ஷீட்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எஸ்ஏடி ஒருமுறை எழுதிவிடட்டும். எந்தக் கல்லூரி என்று அதற்குப் பிறகு பேசலாம், மாமா சொல்லும் பெயர்களையும் சேர்த்தே பார்க்கிறேன்.

சின்னவனுக்குப் பரீட்சை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
உன் தம்பி