மணிக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?

அன்புள்ள கண்ணம்மா,

மணியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருப்பதாக எழுதியிருந்தாய். காலையில் போனால் இரவுதான் திரும்ப முடிகிறது என்றால், பத்து மாத நாயை நாள் முழுக்கப் பூட்டி வைப்பதைவிட இது நல்ல முடிவுதான். இதில் நீ மனசை வருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால், "அவன்மேல் இரக்கப்படுகிற வீடாக அமைந்தால் போதும்" என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

அது போதாதும்மா. மணி தெருவிலிருந்து காப்பாற்றப்பட்டவன் என்று கேட்டதும் யாருக்கும் மனசு இளகிவிடும். தாவி ஏறினாலும் பாவம், கையைக் கடித்தாலும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் அவன் இன்னும் வளர்ந்து ஒரு நாள் குழந்தையைக் கீழே தள்ளிவிட்டால், அதே ஆட்கள் அவனை வேறு யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் நல்ல நாய்கள் கெட்ட பெயர் வாங்குகின்றன.

அவனுக்கு இப்போது விடலைப் பருவம். நாய்களுக்கு இது ஆறேழு மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை போகும். பெரிய உடம்புக்கார நாய் என்றால் இரண்டு வயதுகூட ஆகும். கற்றதையெல்லாம் மறந்துவிட்ட மாதிரி நடக்கும், கூப்பிட்டால் வராது, பழகிய பொருளைப் பார்த்தே திடீரென்று மிரளும். குணம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலரும் கைவிடுவது இந்த வயதில்தான்.

ஆகவே வருகிறவர்களிடம் "நாய் பிடிக்குமா?" என்று கேட்டு நேரத்தைக் கழிக்காதே. "மேலே தாவினால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். பேசாமல் திரும்பிக்கொள்வோம், நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக் கொடுப்போம் என்று சொன்னால் அவர்களை உட்கார வைத்துப் பேசு. வீட்டில் எல்லோரும் இதே மாதிரி நடப்பார்களா என்றும் கேள். நாலு பேர் கண்டுகொள்ளாமல் இருந்து, ஒருவர் மட்டும் கொஞ்சினால், அந்த ஒரு கொஞ்சலுக்காகவே அவன் தாவிக்கொண்டிருப்பான். கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்த புதிதில் தாவல் இன்னும் அதிகமாகும், அதற்குப் பிறகுதான் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிடு. தெரியாதவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் கைவிடுவார்கள்.

"ரெண்டு போட்டால் அடங்கிடும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு. அடி வாங்கிய நாய் கையைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். உறுமியதற்கு அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமல் அது நமக்குத் தருகிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்துவது பெரிய ஆபத்து.

மணி சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுகிறான் என்றாயே, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்துக் கொடுத்தால் நாளைக்கு யார் கையாவது கடிபடும், பழி அவன்மேல் விழும். சாப்பிடும்போது தனியாக விடவும், வாயில் எதையாவது கவ்வியிருந்தால் பிடுங்காமல் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்து வாங்கவும் சொல்லிக்கொடு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவனைக் கொடுக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாலையில் கண்மண் தெரியாமல் ஓடிக் கடிக்கிறான் என்றால், பல நேரம் அது தூக்கம் போதாததால் வருவது. பகலில் தொந்தரவில்லாமல் படுக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு கொடு. கருத்தடை ஆகவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு, கொடுக்கும் முன்பே முடித்துவிடு. தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) இருந்தால், அதன் எண்ணுக்கான பதிவில் புது வீட்டின் போன் எண்ணை மாற்ற மறக்காதே.

புது இடத்தில் முதல் சில நாள் வாசல் கதவில்தான் கவனம் வேண்டும். மிரண்ட நாய் தப்பி ஓடுவது அப்போதுதான். வெளியே போனால் கயிறு கையிலேயே இருக்கட்டும். 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் வழக்கம் பிடிபடும், 3 மாதத்தில் அது தன் வீடு என்று ஆகும் என நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் அவசரப்படுகிறவர்களிடம் சொல்ல உதவும். புதிதாக வந்தவன், பாவம் என்று எல்லாவற்றுக்கும் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துக் கண்டிக்கக் கூடாது. எங்கே படுக்கலாம், எங்கே போகக் கூடாது என்பது முதல் நாளே தெரிந்தால் அவனுக்கும் நிம்மதி.

சரிப்படாவிட்டால் வேறு யாரிடமும் தராமல் உன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். அப்படி வந்தால் நான் இருக்கிறேன், இங்கே கொண்டுவா.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள் என்றாய் அல்லவா, அவர்களிடம் கயிற்றைக் கொடுத்து மணியோடு நடக்கச் சொல். அவன் இழுக்கும்போது பதிலுக்கு வெடுக்கென்று இழுக்கிறார்களா, நின்று கயிறு தளர்ந்ததும் நடக்கிறார்களா என்று பார். பார்த்துவிட்டு அன்று இரவே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா