1978 வோல்நே கையரே: மறு கார்க் போடாத பாட்டில்கள் குறித்துப் புகார்

பெறுநர்:
பழைய ஒயின் விற்பனைப் பொறுப்பாளர்,
போன் நகரம், பர்கண்டி.

பொருள்: ஆறு பாட்டில்களில் மூன்று உங்கள் விவரப் பட்டியலுக்கு மாறாக இருப்பது.

ஐயா,

'நிலவறையை விட்டு நகராதவை, 1998-இல் மறு கார்க் போட்டவை' (அதாவது பழைய கார்க்கை எடுத்துப் புதியது அடைத்தவை) என்று நீங்கள் விற்ற ஆறு 1978 வோல்நே பிரமியே க்ரூ கையரே (வோல்நே கிராமத்தின் கையரே தோட்டத்து உயர்தரச் சிவப்பு ஒயின்) பாட்டில்களும் கிடைத்தன. கார்க்கின் அடியிலிருந்து ஒயின் மட்டம் வரை அளந்ததில் 2.5, 3, 3, 6, 6.5, 7.5 செ.மீ. இருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டிய பர்கண்டி ஒயினில் மட்டம் மூன்று, நான்கு செ.மீ. இறங்கியிருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. புகார் அதைப் பற்றியதல்ல. மறு கார்க் போடும்போது அதே ஒயினைக் கொண்டு எல்லா பாட்டில்களையும் ஒரே மட்டத்துக்கு நிரப்புவீர்கள். பிறகு ஒரே நிலவறையில் கிடந்தவற்றுக்குள் ஐந்து செ.மீ. வித்தியாசம் எப்படி வரும்?

இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் இறங்கிய பின் இரண்டைத் திறந்தோம். 2.5 செ.மீ. பாட்டிலில் புது கார்க். விளைச்சல் ஆண்டும் 1998-உம் அதில் பொறித்திருந்தன. ஒயின் அருமை. 6.5 செ.மீ. பாட்டிலில் இருந்தது முதல் கார்க்கேதான்: உச்சி வரை நனைந்து கறுத்து, திருகாணி இறங்கியதும் பாதியில் பிய்ந்தது. மறு கார்க் போட்டதற்கான எந்தப் பொறிப்பும் இல்லை. ஒயின் பழுப்பேறி, அக்ரூட்டும் அடிபட்ட ஆப்பிளும் மணத்தது. காற்று புகுந்து கெட்ட ஒயின் அது; டிகாண்டரில் (காற்றுப் பட ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவையில்) ஊற்றி வைத்தாலும் மீளாது.

7.5 செ.மீ. பாட்டிலின் கேப்சூல் (கார்க்கை மூடிக் கழுத்தைச் சுற்றியிருக்கும் உறை) விளிம்பு பிசுபிசுக்கிறது. சுற்றிய மென்தாளில் ஈரம் காயாத சிவப்புக் கறை. பழைய கசிவு காய்ந்து கருத்திருக்கும், இது புதியது. ஜூலை வெயிலில் குளிரூட்டாத வண்டியில் அனுப்பியதால் ஒயின் விரிந்து, தளர்ந்த கார்க்கைத் தள்ளியிருக்கிறது. புது கார்க் தாங்கியிருக்கும்.

லேபிள்கள் புத்தம் புதிதாக இருப்பது குறித்து எங்களுக்குப் புகாரில்லை. நிலவறையில் லேபிளின்றிக் கிடத்தி, அனுப்பும்போது ஒட்டுவது வழக்கம்தான். ஆனால் ஒட்டியவர் கையில் பாட்டில் நிமிர்ந்து நின்றிருக்குமே, மட்டம் கண்ணில் படவில்லையா?

'பழைய ஒயினின் அபாயம் வாங்குபவருடையது' என்ற உங்கள் மின்னஞ்சல் பதில் இங்கே பொருந்தாது. வயதின் அபாயத்தை ஏற்றுத்தான் வாங்கினோம். மறு கார்க் போட்டதாகச் சொல்லிக் கூடுதல் விலை வாங்கியது நீங்கள்.

ஆகவே 6, 6.5, 7.5 செ.மீ. பாட்டில்கள் மூன்றுக்கும் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளும் கடன் சீட்டு வேண்டாம். திறக்காத இரண்டையும் உங்கள் செலவில், குளிரூட்டிய வண்டியில் எடுத்துக்கொள்ளலாம். திறந்ததன் கார்க்கையும் மிச்ச ஒயினையும் பரிசோதனைக்காக வைத்திருக்கிறோம். இந்தத் தொகுதியின் 1998 மறு கார்க் பதிவேட்டு நகலையும் அனுப்புங்கள். மட்டத்தை ஒவ்வொன்றாக அளந்து படத்துடன் காட்டாமல் மாற்று பாட்டில் எதுவும் அனுப்ப வேண்டாம்.

பாட்டில்கள் வந்து, வாங்கியதைத் திருப்பித் தருவதற்கான 14 நாள் கெடு இன்னும் முடியவில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: அளவுகோலுடன் ஆறு பாட்டில்களின் படம், இரு கார்க்குகளின் படம், கறை படிந்த மென்தாள்.