அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டை விட்டு வெளியேறும் அமெரிக்கர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெக்சிகோவின் ஏரிக்கரை ஊர்களில் அவர்கள் குறைந்த செலவில் ராஜ வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகளாக நான் குவாதலஹாராவில் இருக்கிறேன். சப்பாலா ஏரிக்கரையில் இருக்கும் அஹிஹிக் என்ற ஊர் இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். விடுமுறை நாட்களில் அடிக்கடி போவேன். அங்கே நான் பழகிய மனிதர்களை அந்தக் கட்டுரையில் காணோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அஹிஹிக்கில் அமெரிக்கர்கள் இருப்பது புதிதில்லை. 1955லேயே அவர்கள் அந்த ஏரிக்கரையில் ஒரு சங்கம் தொடங்கி, ஆங்கில நூலகமும் வைத்துக்கொண்டார்கள். பெரும் பணக்காரர்களும் உண்டுதான். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், ஆலைத் தொழிலாளர்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் முதலில் பருவநிலையைச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், வெயிலும் குளிரும் அளவோடு இருக்கும். கொஞ்சம் நெருங்கிப் பழகிய பிறகுதான் பேச்சு காப்பீட்டுப் பக்கம் திரும்பும்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது ஒரு போர்க்கால ஏற்பாட்டால். 1942ல் அரசு கூலி உயர்வுக்கு வரம்பு போட்டது. ஆள் கிடைக்காத முதலாளிகள் கூலிக்குப் பதிலாகக் காப்பீட்டைக் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார்கள். போர் முடிந்தும் அது அப்படியே நின்றுவிட்டது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 65 வயதில்தான் தொடங்குகிறது. அறுபது வயதில் வேலை போனவர் என்ன செய்வார்? பழைய கம்பெனியின் காப்பீட்டை, முதலாளியின் பங்கையும் தானே கட்டி, பொதுவாக 18 மாதம் வரை நீட்டிக்கலாம். அப்புறம் சந்தையில்தான் வாங்க வேண்டும். நோயைக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2010ல் சட்டம் வந்தது, பெரிய விஷயம்தான். ஆனால் இளவயதினரிடம் வாங்குவதைப் போல மூன்று மடங்கு வரை வயதானவர்களிடம் வாங்கலாம் என்று அதே சட்டம் விட்டுவைத்திருக்கிறது. போதுமான மானியம் கிடைப்பவர்கள் தப்பிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்த ஐந்து வருடம் நெருப்பாற்றில் நீச்சல்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். பகுதி நேர வேலை, காப்பீடு கணவருடையது. அந்தக் கணவர் வேலை பார்த்த ஆலை மூடியபோது அவருக்கு 61 வயது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு நாள் தன் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி, இடதுபுறம் ஓஹையோ, வலதுபுறம் அஹிஹிக். இன்சுலின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், கண் பரிசோதனை, பல் வைத்தியம் என்று வரிசையாக எழுதியிருந்தார். வீட்டு வாடகை கடைசி வரியில்தான் இருந்தது. "டாக்டர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார், கூப்பிட்டால் வீட்டுக்கே வருகிறார்" என்று அவர் சொன்னபோது, நம்ப முடியாத ஒன்றைச் சொல்லும் குரல் அது. நம் ஊர்ச் சின்ன நகரங்களில் வளர்ந்த யாருக்கும் அதில் வியக்க ஒன்றுமில்லை. உலகின் மிகப் பணக்கார நாட்டில் அறுபது வருடம் வாழ்ந்தவருக்கு அது வியப்பாக இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இன்சுலின் கதையே போதும். கனடாவில் டொரண்டோவில் அதைக் கண்டுபிடித்தவர்கள், 1923ல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1996ல் 21 டாலராக இருந்த ஹியூமலாக் இன்சுலின் ஒரு குப்பி, இருபது ஆண்டு சொச்சத்தில் 275 டாலரைத் தொட்டது. மெடிகேர் உள்ளவர்கள் மாதம் 35 டாலருக்கு மேல் தர வேண்டாம் என்ற வரம்பு 2023ல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் விலைக் குறைப்பை அறிவித்ததும் அந்த ஆண்டில்தான். அதற்குள் எத்தனை பேர் மருந்தை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துப் போட்டிருப்பார்கள்!

காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க அறிஞர் டூ போய்ஸ் 1961ல் கானாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடியதும், வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்கள் கனடாவுக்குப் போனதும் வேறு காரணங்களால். பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்ற பயத்தில் பிள்ளைகளோடு ஐரோப்பாவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2022ல் டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகள் சுடப்பட்டு இறந்த பிறகு அந்தப் பயத்தை யார் குறை சொல்ல முடியும்?

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. இங்கேயே பிறந்தவர்கள். அமெரிக்க அரசு ஓய்வூதியம் 2024 தொடக்கத்தில் சராசரியாக மாதம் 1,900 டாலர் அளவில் இருந்தது. ஓஹையோவில் அது இழுபறி, அஹிஹிக்கில் அது பெரிய பணம். அதனால் அங்கே வீட்டு வாடகையை டாலரிலேயே சொல்கிறார்கள். அமெரிக்கர் வீடுகளில் சமைத்துத் துடைக்கும் ஒரு பெண், பிறந்த ஊரில் வாடகை கட்ட முடியாமல் ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கும் ஹோகோதெபெக்குக்குக் குடிபோய், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறார். மெக்சிகோ சிட்டியில் நிலைமை இன்னும் மோசம். கணினியும் கையுமாக எங்கிருந்தும் வேலை செய்யும் வெளிநாட்டவரை வரவழைக்க, 2022ல் அந்நகர நிர்வாகம், வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனத்தோடு ஒப்பந்தமே போட்டது. அப்போது நகரத் தலைவராக இருந்த கிளாடியா ஷெயின்பாம்தான் இன்று நாட்டின் அதிபர். 2025 ஜூலை 4 அன்று அந்நகரின் கொண்டேசா, ரோமா பகுதிகளில் வாடகை உயர்வை எதிர்த்து மக்கள் ஊர்வலம் போனார்கள், சில கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓஹையோ அம்மாவுக்கு அவருடைய நாடு தராததன் விலையில் ஒரு பங்கை அந்த ஹோகோதெபெக் பெண் கட்டுகிறார். இருவரில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக நம் வாசகர்களுக்கு ஒன்று. மெடிகேர் அமெரிக்க எல்லைக்கு வெளியே அனேகமாகச் செல்லாது. அறுபத்தைந்து ஆன பிறகும் அஹிஹிக்கில் இருப்பவர்கள் பெரிய அறுவை சிகிச்சை என்றால் டெக்சாஸுக்குப் போகிறார்கள். அதற்காகவே, இங்கே பயன்படாது என்று தெரிந்தும், மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பி பகுதிக்கு மாதாமாதம் பணம் கட்டி வருகிறார்கள். கட்டாமல் விட்டுப் பிறகு சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்து சதவீதம் கூடுதலாக, அனேகமாக ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஓய்வுக்குப் பின் கோவைக்கும் சென்னைக்கும் திரும்பும் தமிழர்களுக்கும் இதே விதிதான். மருத்துவம் ஊரில் மலிவு என்று நினைத்து அதை நிறுத்திவிட்டு, பின்னால் பிள்ளைகளோடு இருக்க அமெரிக்காவுக்கே திரும்ப நேரும்போது திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகர்,
குவாதலஹாரா, மெக்சிகோ