தூக்கணாங்குருவிக் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் தூக்கணாங்குருவி பற்றிய கட்டுரையை விரிவாக்கும் வேலை நேற்றிரவு முடிந்தது. உரையாடல் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி நன்றி எழுதினேன். மனம் நிறையவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, என் வரியின் தலையில் ‘சான்று தேவை’ என்று குறியிட்ட நண்பருக்கு. தூக்கணாங்குருவி மின்மினியைப் பிடித்துவந்து களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று என் அப்பத்தா சொல்லுவார். அதை அப்படியே உறுதியான செய்தியாக எழுதியிருந்தேன். குறியைப் பார்த்ததும் சுருக்கென்றது. அப்பத்தாவையே பொய்யர் என்று சொன்னதுபோல் இருந்தது. நீங்களோ அந்த வரியை நீக்கவில்லை. “களிமண் இருப்பது உண்மை. மின்மினியை யாராவது பார்த்துப் பதிந்திருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள்.

அந்தக் கேள்விதான் என்னை எங்கள் ஊர்ப் பனையேறும் பெரியவரிடம் அழைத்துப் போனது. காற்றில் விழுந்த கூடு ஒன்றை அவர் எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, இருவருமாக அதைப் பிரித்தோம். பனையோலையிலிருந்து கிழித்த கீற்றுகள். சில ஒரு முழத்துக்கும் மேல் நீளம். முடிச்சும் பின்னலும் அவ்வளவு இறுக்கம், இழுத்தால் கீற்றுதான் அறுந்தது. உட்சுவரில் காய்ந்த களிமண் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மண் உதிர்ந்தது, வேறொன்றும் இல்லை. “நானும் பார்த்ததில்லை தம்பி, சொல்லக் கேட்டதுதான்” என்றார் பெரியவர். இப்போது அப்பத்தாவின் கதை ‘நாட்டார் நம்பிக்கைகள்’ என்ற பகுதியில் இருக்கிறது. அதற்குரிய இடம் அதுதான். குறியிட்ட ஐயா, உங்கள் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் அம்மாவுக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டும் என்று எழுதியிருந்தேன். பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் மும்பைக்குத் தெற்கே கிகிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கி, இந்தக் குருவியின் குடும்ப வாழ்க்கையை நாள்தோறும் கவனித்து எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னீர்கள். படித்த பிறகு அந்தப் பகுதி முழுவதையும் திருப்பி எழுதினேன். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டிவிட்டுச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கிறது. பெண் வந்து ஆராய்கிறது. பிடித்திருந்தால்தான் முட்டை அறையும் நீண்ட நுழைவுக் குழாயுமாக ஆண் மீதியை முடிக்கிறது. உட்புறத்தைச் சீர்செய்வது பெண்ணின் வேலை. முட்டைகள் வந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கிறது. பெண்கள் ஏற்காத பாதிக்கூடுகள் மரத்தில் அப்படியே தொங்கும். அந்தப் பருவத்தை நான் ‘தலைக்கவச நிலை’ என்று எழுதினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியுமா என்று கேட்டு, ‘பாதிக்கூடு’ என்று மாற்றினீர்கள். கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த சொல் இன்று அதுதான்.

இலங்கையிலிருந்து எழுதும் ஆசிரியை அக்காவுக்கும் நன்றி. அறிவியல் பெயரில் (Ploceus philippinus) பிலிப்பீன்சு இருப்பதால் பறவையின் தாயகம் அதுவே என்று யாரோ முன்பு எழுதியிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. பழைய பறவையியலாளர் ஒருவரின் பிழையான குறிப்பை நம்பி சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயசு 1766இல் வைத்த பெயர் அது என்றும், அந்தப் பெயருக்கு அடிப்படையான மாதிரிப் பறவை கிடைத்த இடமாகப் பிறகு இலங்கையே கொள்ளப்பட்டது என்றும் எடுத்துக்காட்டித் திருத்தினீர்கள்.

குறுந்தொகை 374ஆம் பாடலைச் சேர்த்த தமிழாசிரியருக்கு என்ன சொல்வது! ஊராரின் மயக்கத்துக்கு உறையூர்ப் பல்காயனார் தேடிய உவமை, நெடிய கரிய பனையில் தூக்கணாங்குருவி தொடுத்த கூடு. திண்ணையில் அந்தப் பின்னலைப் பிரிக்க முடியாமல் திணறியவனுக்கு, அந்த உவமை எவ்வளவு துல்லியம் என்று விளக்கத் தேவையில்லை.

மார்பில் கருங்கோடுகள் ஓடிய படத்தைப் பார்த்து, இது உறவுக்காரக் குருவி என்று சுட்டி, தன் சொந்தப் படங்களைப் விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றித் தந்த தம்பிக்கும், ஒற்றுப்பிழைகளை இரவோடு இரவாகத் திருத்திய கல்லூரி மாணவிக்கும் என் அன்பு.

கடைசியாகப் பெரியவர். முடிந்த கட்டுரையை நேற்று மாலை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “கூடெல்லாம் மேல்காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப்புறம்தான் தொங்கும், அதை எழுதவில்லையே” என்றார். பேராசிரியர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். தென்மேற்குப் பருவக்காற்றிலிருந்து காப்பாக மரத்தின் கிழக்குப் பக்கத்தில் அதிகம் கட்டுவதாகப் பதிவு உண்டு என்று ஒரு மணி நேரத்தில் சான்றோடு திரும்ப அழைத்தார். இரவு பதினொரு மணிக்கு அந்த வரியைச் சேர்த்துச் சேமித்தேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்