ஊதியவருக்கும் ஒரு பெயர் உண்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். 'பிரவுன் சுகர்' பாட்டைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். குழுவின் பாடகர் மிக் ஜாகரின் குரல், கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் எல்லாம் வருகிறது. நடுவில் புகுந்து பாட்டையே தூக்கிக்கொண்டு போகும் சாக்ஸபோனுக்கு மட்டும் "கூலிக்கு வந்த கலைஞர்" என்று அரை வரி. கூலிக்கு வந்தவர்தான், மறுக்கவில்லை. அவர் பெயர் பாபி கீஸ்.

டெக்சஸ்காரர். பிறந்தது 1943 டிசம்பர் 18. கீத் ரிச்சர்ட்ஸும் அன்றுதான் பிறந்தார். 1970இல் இருவரின் பிறந்தநாள் விருந்து லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் நடந்தபோது, புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசிக்க, இதே பாட்டை இன்னொரு முறை பதிவு செய்தார்கள். அது 2015 வரை வெளிவரவே இல்லை. 1971இல் கடைக்கு வந்தது கீஸின் தனிவாசிப்பு உள்ள பதிவுதான். கிளாப்டனையே காக்க வைத்த கூலிக்காரர்!

'பிரவுன் சுகர்' உள்ள அதே ஆல்பத்தில் 'கேன்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு முடிந்தது என்று நினைத்து வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், டேப்பும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எழுதி வைக்காத அந்தப் பின்பகுதியில் முதலில் துணிந்து இறங்குவது கீஸின் சாக்ஸ். குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் வருவது அதற்குப் பிறகுதான். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் உயிரோடு இருந்தபோது அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே தனிப்பாட்டு 1974இல் வந்தது. அதிலும் ஊதியவர் கீஸே.

"பக்கவாத்தியக்காரர்கள் ரசிகர் மனதில் நிற்பதில்லை" என்ற கட்டுரையாளரின் வரியோடும் எனக்கு உடன்பாடில்லை. 1978இல் வந்த, ஸ்காட்லாந்துப் பாடகர் ஜெரி ராஃபர்ட்டியின் 'பேக்கர் ஸ்ட்ரீட்' பாட்டுக்குப் பாடும் பல்லவியே கிடையாது. அந்த இடத்தில் சாக்ஸபோன்தான் வருகிறது. வரிகள் தெரியாதவரும் அதை முணுமுணுப்பார். வாசித்த ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட்டின் பெயர்தான் நிற்கவில்லை. தொலைக்காட்சியில் வினாடி வினா நடத்திய பாப் ஹோல்னஸ்தான் ஊதினார் என்ற வதந்தியைப் பிரிட்டனில் பல காலம் பலர் நம்பினார்கள். அந்த மெட்டு ராஃபர்ட்டியுடையதா, ரேவன்ஸ்கிராஃப்ட்டுடையதா என்ற சர்ச்சையும் ஓயவில்லை. ராஃபர்ட்டி அதைக் கிட்டாரில் வாசித்த முன்பதிவு 2011இல் வெளிவந்ததால், அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் அது கிட்டாரிலேயே நின்றிருந்தால் இத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்களா?

பணமும் இதில் இருக்கிறது. பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் வரும் எழுத்துரிமைத் தொகை, எழுதியவர் என்று பெயர் உள்ளவருக்குத்தான். ஸ்டுடியோவுக்கு வந்து ஊதியவருக்கு அன்றைய சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. கீஸ் 1973இல் சுற்றுப்பயணத்தின் நடுவே குழுவை விட்டுப் போனார். பிறகு 1989 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர்களோடு மேடையேறினார். குழுவின் உறுப்பினர் ஆகவே இல்லை.

ரேவன்ஸ்கிராஃப்ட் 2014 அக்டோபரில் காலமானார், கீஸ் அதே ஆண்டு டிசம்பரில். கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்ப்பதாக இருந்தால், அந்த அரை வரியில் கீஸின் பெயரையாவது சேர்த்துவிடுங்கள்.

தங்கள் வாசகன்,
மதுரை.