மெருகுக்கு முன்னால்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
தை, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பழம் பறிப்பு இன்னும் முடியவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் நிலைமை சுமார்தான். வெள்ளி விலை ஏறுகிற ஏற்றத்தில் கொலுசு ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர்கள் யோசிக்கிறார்கள். பட்டறையில் எட்டுப் பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன்னையும் தங்கச்சியையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

நீ கார் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் நானே எடுத்ததுபோல் இருந்தது. அந்தப் பழைய ஜீப்பிலேயே இத்தனை வருஷம் ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கினவன் நீ. கருநீலம் நல்ல நிறம். ஆனால் அடர்ந்த நிறம் எதையும் மறைக்காது, அதை மனதில் வைத்துக்கொள்.

“புது வண்டிதானே, அடுத்த வாரமே பாலிஷ் போட்டு, மேலே செராமிக் கோட்டிங் என்கிற காப்புப் பூச்சும் கொடுத்துவிடலாம்” என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் ராத்திரியே உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறு. வண்டியை ஒருதரம் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின்மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பார். வெறும் கைக்கு வழவழ என்று இருக்கிற இடம், பைக்குள்ளே இருந்து தடவினால் ரவையைத் தடவுகிறாற்போல் நரநரக்கும். கூரையிலும் டிக்கி மூடியிலும் இன்னும் அதிகமாக இருக்கும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு இது எப்படி என்று கேட்பாய். அது லாரியிலோ ரயிலிலோ வெகுதூரம் வந்து, வெட்டவெளி யார்டில் வாரக்கணக்கில் நின்றிருக்கும். பிரேக் தேயும்போதும் தண்டவாளத்தில் சக்கரம் உரசும்போதும் பறக்கிற இரும்புத்தூள் சூடாக வந்து பெயின்ட்டில் ஒட்டி, பனி பட்டுத் துருவேறி உள்ளே பிடித்துக்கொள்ளும். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிவது இதுதான். அதோடு தார்ப் பொட்டு, மரப்பால், பறவை எச்சம். நம் பக்கத்தில் அடிவாரம் தாண்டுவதற்குள் வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஷாம்பு மேலாக இருப்பதைத்தான் எடுக்கும், பதிந்ததை எடுக்காது.

என் கறுப்பு வண்டியை நீ பார்த்திருக்கிறாய். எடுத்த பத்தாம் நாள் ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டேன். பைப்பில் தண்ணீர் அடித்து, ஒரே துணியால் துடைத்து, உடனே மெஷினை வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பளபள என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்தினேன். கதவு முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கோடு. பெயின்ட்டில் கிடந்த மண்ணை மெஷின் அங்கேயே வைத்து அரைத்திருக்கிறது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையில் நாமே கொலுசைப் பற்றவைத்த பிறகு ஆசிடில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து அலசி, அப்புறம்தானே மெருகேற்றுகிற பஃப் சக்கரத்தில் காட்டுகிறோம்? ஒரு மணல் சக்கரத்தில் ஏறினால் அன்றைய உருப்படி எல்லாவற்றிலும் கீறல் விழும். வெள்ளியையாவது உருக்கித் திரும்பச் செய்யலாம். காரில் நிறத்துக்கு மேலே இருக்கிற க்ளியர் கோட் பெரும்பாலும் 40 மைக்ரான் சொச்சம்தான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சீவிக்கொண்டுதான் போகும். போனது திரும்பாது.

அதனால் இப்படிச் செய்வோம். வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில், பெயின்ட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது. ராஜகணபதி கோயில் வாசலில் பூஜை போட்டபோது பானெட்டில் வைத்த சந்தனம் குங்குமத்தை நகத்தாலோ துணியாலோ சுரண்டாதே. ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிடு, தானாக வந்துவிடும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வண்டியைத் தேய்க்கிற கையுறையை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கிற உப்பு காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். மேட்டூர் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறேன்.

அடுத்தது அயர்ன் ரிமூவர், பதிந்த இரும்புத்தூளைக் கரைக்கிற மருந்து. அடித்து மூன்று நான்கு நிமிஷம் விட்டால் இரும்புத்தூள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். உன் கருநீலத்தில் அவ்வளவாகத் தெரியாது, சக்கரத்தைப் பார், அங்கே தெரியும். அழுகின முட்டை வாசனை அடிக்கும், கையுறை போட்டுக்கொள். காயவிடாமல் கழுவிவிட வேண்டும். தாருக்குத் தனி மருந்து இருக்கிறது.

இதற்கும் மசியாததற்குத்தான் க்ளே, பதிந்த அழுக்கைப் பிடித்து இழுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. பரோட்டா மாவு மாதிரி பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, ஷாம்பு தண்ணீர் நிறையத் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அழுத்தவே கூடாது. முதலில் கரகர என்று பிடிக்கும், நாலைந்து இழுப்பில் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும். அந்த நிமிஷத்தைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது அதுதான். க்ளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக அழுக்கு ஏறியிருக்கும், மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கை தவறித் தரையில் விழுந்தால் எவ்வளவு விலையானாலும் தூக்கிப் போட்டுவிடு. மண் ஏறின க்ளே உப்புத்தாளுக்குச் சமம்.

பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டரும் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். கம்பெனி பெயின்ட் மொத்தமாக 100லிருந்து 150 மைக்ரான் சுமாருக்குக் காட்டும். ஏதாவது ஒரு கதவு மட்டும் இரண்டு மடங்கு காட்டினால், யார்டில் இடித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் அந்தப் பாகத்துக்கு ஒரு மாதமாவது பொறுத்துத்தான் கோட்டிங். கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட பெயின்ட்டுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

பாலிஷைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். புது வண்டிக்கு லேசாக ஒரு கை போதும் என்பது என் எண்ணம். அதன் எண்ணெயை ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்தெடுத்த பிறகுதான் செராமிக் பிடிக்கும். பூசின பிறகு ஒரு நாளாவது அதில் ஈரம் படக்கூடாது. ஏற்காட்டில் இந்த மாதத்துப் பனியில் அது நடக்காது, நாலு மணிக்கே மூட்டம் வாசலுக்கு வந்துவிடும். அதனால் பறிப்பு முடிந்ததும் வண்டியோடு இங்கே வந்துவிடு. பட்டறை ஷெட்டை ஒழித்து, தூசி பறக்காமல் தரையை நனைத்துவைக்கிறேன். மூன்று நாள் தங்கிப் போகிற மாதிரி வா, தங்கச்சியையும் கூட்டிவா, அம்மா தட்டுவடை செட்டு வாங்கிவைக்கச் சொல்லிவிட்டாள். அதுவரை யாரையும் காய்ந்த துணியால் வண்டியைத் துடைக்க விடாதே. வாட்ச்மேன் ஆசையாகத் துடைத்தாலும் சரி.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வா, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. வருகிற நாளை முன்கூட்டியே எழுது. போன வருஷத்து மிளகு இருந்தால் ஒரு படி எடுத்துவா.

உன்
மச்சான்